நீட்டை எதிர்ப்போம், விண்ணப்பத்தையும் நிரப்புவோம்

பிப்ரவரி மாதம் வந்தால் நம் இளைஞர் கூட்டங்களில் ஒரு வாக்குவாதம் தவறாமல் வந்துவிடுகிறது. நீட் விண்ணப்பம் திறந்திருக்கும் நேரம் அது. "நீட்டே வேண்டாம் என்று தெருவில் நிற்கிறோம். அப்புறம் நாமே பிள்ளைகளை உட்கார வைத்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால் என்ன அர்த்தம்?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். "நீங்கள் அரசியல் பேசி முடிப்பதற்குள் என் பிள்ளையின் வருஷம் போய்விடும்" என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே புறந்தள்ளக்கூடிய பேச்சு இல்லை. ஆனால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? நீட் ஒழியும் வரை எதிர்ப்போம். அது இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தை, ஒரு தாள்கூடக் குறையாமல், நாமே முன்னின்று தயார் செய்வோம். இதுதான் எங்கள் நிலைப்பாடு. ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஆரணியைத் தெரிந்தவர்களுக்கு ஆரணிப் பட்டு தெரியும், களம்பூர் அரிசி தெரியும். தறிக்கும் ஆலைக்கும் பின்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்ற ஆய்வாளர் 1970களின் தொடக்கத்திலிருந்து இந்த ஊரின் கடைவீதியையும் அரிசி ஆலைகளையும் பட்டுத் தொழிலையும் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தவர். இந்தியாவின் சிறுநகரப் பொருளாதாரத்தை இன்றும் சாதி ஒழுங்குபடுத்துகிறது என்று உலகத்துக்குச் சொன்ன அவருடைய ஆய்வுகளுக்கு நம் ஆரணிதான் ஒரு முக்கியக் களம். சமூகவியல் வகுப்பில் இதைப் பாடமாகப் படிக்கிறோம். பாடம் படிக்காமலேயே நம் காலனிக்காரர்களுக்கு இது தெரியும். முதல் வைத்திருப்பவர் ஒருவர், தறி வைத்திருப்பவர் ஒருவர், கூலிக்கு நெய்பவர் ஒருவர், ஆலையில் மூட்டை தூக்குபவர் ஒருவர், தெருவைக் கூட்டுபவர் ஒருவர். எந்த இடத்தில் யார் என்று கேட்டால் சாதியைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

இந்த ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வடக்கே போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே திருவண்ணாமலையில் இன்னொரு அரசு மருத்துவக் கல்லூரி. அந்த மூன்று இடத்துக்கும் நம் மக்கள் போகாத நாள் இல்லை. நோயாளியாகப் போகிறார்கள், துணைக்குப் போகிறார்கள், துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். மாணவராகப் போகிறவர்கள் எத்தனை பேர்? நம் தெருவில் எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்கள் போதும் என்றால் அதற்குக் காரணம் பிள்ளைகளின் மூளை இல்லை. தறிக்கூலி முன்பணத்தில் கட்டுண்ட வீட்டில், ஒரு பாவு முடிந்து சேலை இறங்கினால்தான் கையில் காசு என்ற வீட்டில், மருத்துவப் படிப்புக்கு வேண்டிய ஏழு ஆண்டுத் தயாரிப்பை யார் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

விண்ணப்பம் போடாமலே வென்ற வழக்கு

ஒரு பழைய வழக்கை மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்கள் பதினான்கு பங்காகப் பிரிக்கப்பட்டன. பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய சொல்லில் 'அரிசனங்கள்' என்று குறிப்பிடப்பட்ட நமக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950இலேயே, தன் மருத்துவக் கல்லூரி வாய்ப்பை இந்த ஆணை பறிக்கிறது என்று செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தால் ஒன்று தெரியும்: அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம். அதனால் நேரே நீதிமன்றம் போனார்.

அந்தத் தீர்ப்புக்கு எதிராகத் தமிழ்நாடு கொந்தளித்ததால்தான் அதே 1951இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) என்ற உட்பிரிவு வந்தது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் கல்வி இட ஒதுக்கீட்டுக்கு அதுதான் அடித்தளம். போராட்டம் சட்டத்தை மாற்றியது, உண்மைதான். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். விண்ணப்பமே இல்லாமல் வாசல் திறக்கக் கேட்கும் செல்வாக்கு சிலருக்கு இருந்தது. நமக்கு அந்தச் செல்வாக்கு என்றைக்கும் இருந்ததில்லை. எல்லாத் தாளும் சரியாக இருந்தும், "இதில் இனிஷியல் ஒத்துப்போகவில்லை" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நாம். ஆகவே நமக்கு விண்ணப்பம் சின்ன விஷயம் இல்லை.

நீட் என்ன செய்தது

தமிழ்நாடு 2006இல் சட்டம் இயற்றி நுழைவுத் தேர்வை ஒழித்தது. 2007-08 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவச் சேர்க்கை நடந்தது. 2017இல் நீட் வந்து அதை முடித்துவைத்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தவர். திருச்சியில் மூட்டை தூக்கிய தொழிலாளியின் மகள். பழைய முறை இருந்திருந்தால் மருத்துவ இடம் உறுதி. நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். ஆரணி ஆலைகளில் மூட்டை தூக்கும் அப்பாக்களின் பிள்ளைகளுக்கு அனிதா தூரத்துப் பெயர் இல்லை.

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கை இந்த அநீதியை எண்களில் காட்டியது. மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை, மூன்றாம் முறை தேர்வு எழுதி வந்தவர்கள் 2016-17இல் சுமார் 12 விழுக்காடு. 2020-21இல் சுமார் 71 விழுக்காடு. தமிழ் வழியில் படித்தவர்கள் நீட்டுக்கு முந்தைய ஆண்டில் சுமார் 14 விழுக்காடு. நீட் வந்த முதல் ஆண்டிலேயே 2 விழுக்காட்டுக்கும் கீழே. ஓராண்டோ இரண்டாண்டோ வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிப் படிக்கக்கூடியவர்களுக்கான தேர்வு இது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தறி வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஓராண்டு சும்மா இருக்க முடியாது.

நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இடையில் இத்தனை ஆண்டுகள். ஒவ்வொரு ஆண்டும் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து வெளியே வந்தது. அந்தப் பிள்ளைகளிடம் "சட்டம் வரட்டும், பொறு" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

விண்ணப்பம் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. ஆளுநர் ஒப்புதல் தராமல் இழுத்தடித்தபோது, அக்டோபர் 29ஆம் தேதி அரசாணை வெளியிடப்பட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. அதற்கு முன் விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை, முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்.ஸில் மட்டும் 300ஐத் தாண்டியது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் அப்படித்தான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நம் பகுதியில் இதன் விளைவு என்ன? மிஷன் காலத்திலிருந்து நம் தாத்தா பாட்டிகளுக்கு எழுத்தறிவு தந்தவை உதவி பெறும் பள்ளிகள். அந்த நன்றியிலும் பழக்கத்திலும் இன்றும் பல பெற்றோர் அங்கேதான் சேர்க்கிறார்கள். அங்கே படிக்கும் பிள்ளையும் அதே ஏழைப் பிள்ளைதான், அதே இலவசப் புத்தகம்தான், அதே சத்துணவுதான். ஆனால் 7.5 கிடையாது. இது சரியில்லை, உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி ஏழை மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் இந்த நிபந்தனையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் போய்ச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. சில ஆண்டுகள் ஆங்கில வழி மெட்ரிக் பள்ளியில் கடன் வாங்கிப் படிக்க வைத்து, கட்ட முடியாமல் எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. பணமும் போய், ஒதுக்கீடும் போகிறது.

அடுத்த கிளை பதினோராம் வகுப்பு. மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளையிடம், "உனக்கு அறிவியல் குரூப் கஷ்டமாக இருக்கும், வரலாறு எடுத்துக்கோ" என்று அன்பாகச் சொல்லும் ஆசிரியர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த அன்பில் சாதி இருக்கிறது. ஜூன் மாதச் சேர்க்கையின்போது பிள்ளையோடு நம்மில் ஒருவர் பள்ளிக்குப் போய் நின்றால் போதும், பேச்சு மாறிவிடும். பள்ளியில் அறிவியல் பிரிவே இல்லை, பாடம் எடுக்க ஆசிரியர் இல்லை என்றால், அது மனு கொடுக்க வேண்டிய விஷயம். முதன்மைக் கல்வி அலுவலர் வரைக்கும் போக வேண்டிய விஷயம்.

தாள்கள்

சமூகவியலில் அரசு நிர்வாகத்தைப் பற்றி எவ்வளவோ படிக்கிறோம். ஒரு சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நடந்து பார்த்தால்தான் அதன் எடை தெரியும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. தை, மாசியில் முகூர்த்தச் சேலை வேலை நெருக்கும். நீட் விண்ணப்பமும் அப்போதுதான். ஆகவே தாள்களைப் பதினோராம் வகுப்புக் கோடை விடுமுறையிலேயே எடுத்து முடிக்க வேண்டும்.

என்னென்ன தாள்கள்? சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தார் என்று தலைமை ஆசிரியர்கள் தரும் சான்று. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். அதை மட்டும் கடைசியில் எடுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அருந்ததியர் பிள்ளைகளுக்கு, 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009 முதல் இருக்கிறது. உட்பிரிவு ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. மாநிலக் கலந்தாய்வு விண்ணப்பத்தில் எஸ்.சி. என்றும் எஸ்.சி.ஏ. என்றும் தனித்தனியாக இருக்கும். அவசரத்தில் தவறாகத் தொட்டால் உரிமை போகும்.

கிறித்தவர்களாக மதம் மாறிய நம் குடும்பங்கள் வட ஆற்காட்டில் ஏராளம். சேரியில் அதே வீடு, அதே தீண்டாமை. ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இந்த அநீதியை எதிர்ப்பது வேறு, விண்ணப்பத்தில் எதைக் குறிப்பது என்பது வேறு. சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதைத்தான் குறிக்க வேண்டும். மாறிக் குறித்துவிட்டுச் சரிபார்ப்பு நாளில் இடத்தை இழந்தால் திரும்பக் கிடைக்காது.

இருளர் பிள்ளைகளின் நிலை இன்னும் கொடுமை. பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, மறுவிசாரணை, "உன் உறவினர் யாருக்காவது சான்று இருக்கிறதா" என்ற கேள்வி. பல பிள்ளைகள் சான்று இல்லாமலே பத்தாம் வகுப்பைத் தாண்டுகிறார்கள். நம் பிரச்சினை தீர்ந்தால் போதும் என்று நாம் இருக்கக் கூடாது. சேரித் தெருவில் சான்று முகாம் போட்டால், ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடும்பங்களையும் அழைத்துத்தான் போட வேண்டும்.

சின்னதாகத் தோன்றும் இன்னும் இரண்டு விஷயங்கள். முதலாவது பெயர். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால், அப்பா பெயரில் ஓர் எழுத்து வேறு. ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றாக்குங்கள். இரண்டாவது கைபேசி எண். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது கடைக்காரரே தன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார். ஓ.டி.பி.யும் கலந்தாய்வு அழைப்பும் அவருக்குத்தான் போகும். பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல், ரீசார்ஜ் நிற்காத ஓர் எண், நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த கடவுச்சொல். இவை இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே வேண்டாம்.

தேர்வும் கலந்தாய்வும்

தேர்வைப் பற்றி ஆசிரியர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். சிலவற்றை மட்டும் சொல்கிறோம். 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். அதில் பாதி, அதாவது 90 கேள்விகள் உயிரியல். சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 கழிவு. கணிதம் தகராறு செய்யும் பிள்ளைக்கும் உயிரியலில் ஏறி வர வழி இருக்கிறது. மாநிலப் பாடநூலோடு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தையும் வரி விடாமல் படிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் நடக்கும் இலவசப் பயிற்சியைத் தவறவிடக் கூடாது.

தமிழில் எழுதத் தேர்ந்தெடுத்தால் கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. 2018இல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு வந்து, மதுரை உயர் நீதிமன்றக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை. ஆகவே தமிழில் படிக்கும் பிள்ளையும் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் மாலை வகுப்புகளில் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய மிக எளிய உதவி இதுதான்: ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள்.

தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. 2025இல் எஸ்.சி. பிரிவில் 113 எடுத்தவர் 'தகுதி' பெற்றார். அந்த மதிப்பெண்ணை நம்பி அரசு இடத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தத் தகுதியைக் காட்டித் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல் கட்டி ஒருவர் மருத்துவர் ஆகலாம். அங்கே நமக்கு இட ஒதுக்கீடும் கிடையாது. 2023இல் மேற்படிப்பு இடங்கள் காலியாக இருக்கின்றன என்று நீட் பி.ஜி. தகுதியைப் பூஜ்ய விழுக்காட்டு நிலைக்கே இறக்கினார்கள். 'தகுதி' என்ற சொல்லை நம் முகத்தில் எறிகிறவர்களிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். தகுதி யாருக்காக வளைகிறது, யாருக்காக விறைத்து நிற்கிறது?

கலந்தாய்வில் நமக்கு இரண்டு வரிசைகள் உண்டு. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடு. அதற்கு மத்தியக் குழுவிடம் தனியாகப் பதிய வேண்டும். மீதி 85 விழுக்காடு மாநிலத்தினுடையது; அதற்கு மாநிலத் தேர்வுக் குழுவிடம் தனி விண்ணப்பம். நீட் எழுதியாயிற்று, இனி தானாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவர்கள் உண்டு. யாரும் கூப்பிட மாட்டார்கள். 7.5 விழுக்காட்டுக்குத் தகுதி உள்ளவர்கள் அதையும் பொதுக் கலந்தாய்வையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

இன்னொன்று: பொதுப் போட்டியில் இருக்கும் 31 விழுக்காடு யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அதில் வரும் மதிப்பெண் எடுத்த தலித் மாணவர் பொது இடத்தில்தான் கணக்காக வேண்டும். 18இல் ஓர் இடம் இன்னொரு தலித் பிள்ளைக்கு மிஞ்சும். "உங்களுக்குத்தான் கோட்டா இருக்கே" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. நம் பிள்ளைகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தோழர்களின் கேள்விக்கு

நீட் விண்ணப்பத்துக்கு உதவினால் நீட்டை ஏற்றுக்கொண்டதாகாதா? ஆகாது. தனிக்குவளை வைத்திருக்கும் டீக்கடையை எதிர்த்துப் போராடிய காலத்தில் நாம் தண்ணீர் குடிப்பதை நிறுத்தவில்லை. அனிதாவே நீட்டை எழுதியவர்; எழுதிவிட்டுத்தான் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். எழுதியதால் அவருடைய எதிர்ப்பு பலவீனப்படவில்லை. 2024இல் வினாத்தாள் கசிவும் 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் தந்த விவகாரமும் நாடு முழுக்க வெடித்தபோது தெருவுக்கு வந்தவர்கள் யார்? தேர்வை எழுதிய மாணவர்கள்தான்.

நாம் ஒதுங்கி நின்றால் நீட் பலவீனமாகாது. நம் பிள்ளைகளின் இடத்துக்கு இன்னொருவர் வருவார், அவ்வளவுதான். அதோடு, மருத்துவம் பட்டம் மட்டும் இல்லை. நம் பெண்களைத் தொட்டுப் பரிசோதிக்கத் தயங்கும் கை, சேரிப் பெயரைக் கேட்டதும் மாறும் முகம், இவற்றை மாற்ற அந்த அறைக்குள் நாம் இருக்க வேண்டும். உள்ளே போனபின் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டோம். 2007இல் தோராட் குழு டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் அனுபவித்த பாகுபாட்டை ஆவணப்படுத்தியது. 2019இல் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தத்வியை இழந்தோம். ஆகவே இடம் கிடைத்த மறுநாளே மாணவரைக் கைவிடும் வழக்கத்தையும் நாம் நிறுத்த வேண்டும். மாலை போட்டு போட்டோ எடுப்பதோடு நம் வேலை முடியவில்லை. முதலாண்டு முழுக்க வாரம் ஒரு போன், வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டால்? பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது. இதை முதல் நாளே பிள்ளையிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., துணை மருத்துவப் படிப்புகள், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே சேரலாம். அவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. நீட் முடிவுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடக் கூடாது. "நீதான் நம் தெருவின் முதல் டாக்டர்" என்று ஊரே சேர்ந்து ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றும் சுமையை நாம் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். முடிவு வரும் வாரத்தில் பிள்ளை தனியாக இருக்க விடாதீர்கள். பேச யாராவது வேண்டும் என்றால் 104, 14416 ஆகிய எண்கள் எந்த நேரமும் எடுக்கப்படும். எந்தத் தேர்வும் ஓர் உயிரைவிடப் பெரியது இல்லை. ஒரு பிள்ளையையும் இனி இழக்க நாம் தயாராக இல்லை.

என்ன செய்யலாம்

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளே, உங்களிடம் பணம் கேட்கவில்லை. உங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒருவர், எட்டில் ஒருவர், பத்தில் ஒருவர், பதினொன்றில் ஒருவர், பன்னிரண்டில் ஒருவர். ஆளுக்கு ஓர் உறை. அதில் தாள்களின் நகல்கள், என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற ஒரு பட்டியல். மே மாதம் சான்று முகாம். ஜூனில் பள்ளிச் சேர்க்கைக்கு உடன் போவது. அக்டோபரில் பெயர், இனிஷியல் சரிபார்ப்பு. பிப்ரவரியில் விண்ணப்பம், கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பே. தேர்வன்று பேருந்துக்கு ஏற்பாடு. முடிவுக்குப் பின் இரண்டு கலந்தாய்வுக்கும் பதிவு. நகராட்சி நூலகத்தின் ஒரு மேசையும் உங்கள் கைபேசியும் போதும்.

அதே கையோடு கோரிக்கைகளையும் எழுதுங்கள். நீட் விலக்கு, உதவி பெறும் பள்ளி ஏழை மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் அறிவியல் பிரிவும் ஆசிரியர்களும், இருளர் குடியிருப்புகளுக்கே வந்து சான்று வழங்கும் முகாம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இட ஒதுக்கீடு. ஐந்து உறைகளைத் தயார் செய்த ஒருவர் இந்தக் கோரிக்கைகளை மேடையில் பேசும்போது, எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் எத்தனை நாள் கிடந்தது என்று தேதியோடு சொல்வார். அதற்குப் பதில் சொல்லாமல் எந்த அதிகாரியும் நகர முடியாது.

அடுத்த விண்ணப்பத் தேதி அறிவிக்கும் முன் உங்கள் ஐந்து பேர் யார் என்று முடிவு செய்துவிடுங்கள்.

ஜெய்பீம்!